குவார்ட்டர் விலை ஏறினால் குடி குறையுமா? ஜின் முதல் வோட்கா வரை ஒரு 300 வருடக் கதை



கொஞ்சம் நீளமான த்ரெட் இது. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு நிதானமாக உட்காருங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு என் வார்டில் ஒரு கொத்தனார் அட்மிட் ஆகியிருந்தார். வயது 42. கண் மஞ்சள், கால் வீக்கம், வயிறு முழுக்கத் தண்ணீர். கல்லீரல் சுருங்கிப்போன நிலை. சிரோசிஸ் என்போம். வயிற்றில் ஊசி போட்டு நீரை வடிய விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம் வழக்கமான அறிவுரையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே என்னை நிறுத்தினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. குடி குறையணும்னுதான் வெலைய ஏத்துறோம்னு டிவில சொன்னாங்க. இவரு குடிக்கறத ஒண்ணும் குறைக்கல சார். எனக்குக் குடுக்கறதத்தான் குறைச்சாரு."

என்னிடம் பதில் இல்லை. நாங்கள் படித்த பொது சுகாதாரப் புத்தகத்தில், மதுவைக் கட்டுப்படுத்தும் வழிகளில் முதலில் வருவதே வரியும் விலையேற்றமும்தான். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த அக்கா சொன்னதும் பொய் இல்லையே? இரண்டில் எது சரி?

அன்றைக்குத் தேட ஆரம்பித்தது. படித்ததை எல்லாம் இங்கே கொட்டி வைக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். லண்டன். 1690.

வில்லியம் மன்னர் ஆட்சி. பிரான்ஸோடு சண்டை. அதனால் பிரெஞ்சு பிராந்தி உள்ளே வரக்கூடாது. இன்னொரு பக்கம் நிலச்சுவான்தார்களிடம் தானியம் மிஞ்சிக் கிடக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து அரசு கண்டுபிடித்த தீர்வு: உள்நாட்டுத் தானியத்தில் யார் வேண்டுமானாலும் சாராயம் காய்ச்சலாம், வரியும் குறைவு. அதில் ஜூனிபர் என்ற ஒரு காயைப் போட்டு வாசனை ஏற்றினால் ஜின். ஹாலந்திலிருந்து வந்த சரக்கு அது.

அதுவரை பீர் குடித்துப் பழகிய ஊர். திடீரென்று பீரை விட மலிவாக, பல மடங்கு வீரியத்தோடு ஒரு சரக்கு. மளிகைக் கடையில் ஜின், நெசவுப் பட்டறையில் ஜின், தள்ளுவண்டியில் ஜின். சில இடங்களில் கூலியிலேயே ஒரு பகுதியாக ஜின்.

ஒரு மருத்துவனாக எனக்குப் பெருமையான விஷயம் ஒன்று இங்கே வருகிறது. 1726-இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி பாராளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தது. கொண்டுபோனவர் ஜான் ஃப்ரெண்ட். அவர் டாக்டர், எம்.பி. இரண்டும். மலிவு சாராயம் மக்களை நோயாளியாக்குகிறது, அதைக் குடிக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகள் நோஞ்சானாகப் பிறக்கின்றன என்பது மனுவின் சாரம். கர்ப்பத்தில் மது அருந்துவதால் குழந்தைக்கு வரும் பாதிப்புக்கு நவீன மருத்துவம் ஒரு பெயர் வைத்தது 1973-இல்! கிட்டத்தட்ட 250 வருடம் கழித்து. கண்ணால் பார்த்ததை அந்த டாக்டர்கள் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பாராளுமன்றம் யோசித்து யோசித்து 1729-இல் முதல் ஜின் சட்டத்தைக் கொண்டுவந்தது. காலனுக்கு 5 ஷில்லிங் வரி, விற்பவருக்கு வருடம் 20 பவுண்டு லைசென்ஸ். இதில் ஒரு ஓட்டை. வாசனைப் பொருள் சேர்த்த சாராயத்துக்குத்தான் வரி என்று எழுதிவிட்டார்கள். வியாபாரிகள் என்ன செய்வார்கள்? ஜூனிபரைப் போடுவதை நிறுத்திவிட்டு வெறும் சாராயத்தை அப்படியே விற்றார்கள். மக்கள் அதற்கு 'பாராளுமன்ற பிராந்தி' என்று பெயர் வைத்து, சட்டம் போட்டவர்களையே கிண்டல் செய்தார்கள். 1733-இல் அந்தச் சட்டம் ரத்து.

அடுத்த வருடம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட முடியாது. ஜூடித் டிஃபூர் என்ற பெண், தருமச் சத்திரத்தில் வளர்ந்துகொண்டிருந்த தன் இரண்டு வயது மகளை வெளியே அழைத்து வந்தாள். சத்திரத்தில் குழந்தைக்குப் புது உடுப்பு போட்டிருந்தார்கள். அந்த உடுப்புக்காகக் குழந்தையின் கழுத்தை நெரித்து, சாக்கடைப் பள்ளத்தில் போட்டுவிட்டு, உடுப்பை விற்று ஜின் குடித்தாள். கிடைத்த காசு 1 ஷில்லிங் 4 பென்ஸ். 1734-இல் அவளைத் தூக்கில் போட்டார்கள். கோர்ட் பதிவுகளில் இருக்கும் வழக்கு இது.

ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்பில் 1736-இல் வந்த சட்டம் நேர் எதிர்த் திசையில் பாய்ந்தது. காலனுக்கு 20 ஷில்லிங் வரி. லைசென்ஸ் 50 பவுண்டு. சாதாரணக் கூலிக்காரர் இரண்டு மூன்று வருடம் உழைத்தாலும் பார்க்காத தொகை. திருட்டுத்தனமாக விற்பவரைக் காட்டிக்கொடுத்தால் 5 பவுண்டு சன்மானம்.

என்ன ஆனது தெரியுமா? முழுப் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைகளில் கறுப்புத் துணி கட்டி, ஜின்னுக்குப் பாடை கட்டி இறுதி ஊர்வலமே நடத்தினார்கள். காட்டிக்கொடுத்தவர்களைத் தெருவில் போட்டு அடித்தார்கள். சிலர் செத்தே போனார்கள்.

டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்று ஒரு ஆசாமி. சட்டத்தை உட்கார்ந்து முழுசாகப் படித்தார். விற்றவர் யாரென்று தெரிந்தால்தானே பிடிப்பார்கள்? ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஜன்னலில் பூனை பொம்மை ஒன்றை மாட்டினார். பூனையின் காலுக்கு அடியில் ஒரு ஈயக் குழாய். வருபவர் பூனையிடம் மெல்லிய குரலில் கேட்டுக் காசை அதன் வாயில் போட வேண்டியது. உள்ளே இருந்து அவர் குழாயில் ஜின்னை ஊற்றுவார். வெளியே கிளாஸைப் பிடித்துக்கொள்ளலாம். விற்றது யார்? பூனை! இன்று ஸ்டேஷனில் டீ கொடுக்கும் மெஷினுக்கு ஒரு தாத்தா இருந்தால் அது இதுதான். இதையெல்லாம் பின்னாளில் அவரே புத்தகமாக எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

1743-இல் இங்கிலாந்தில் கணக்கில் வந்த சாராயம் மட்டும் வருடத்துக்குச் சுமார் 80 லட்சம் காலன். அந்த நேரத்தில் ஐரோப்பாவில் போர். அரசுக்குப் பணம் தேவை. 50 பவுண்டு லைசென்ஸைத் தூக்கிவிட்டு 1 பவுண்டு ஆக்கினார்கள். வரியையும் கட்டக்கூடிய அளவுக்கு இறக்கினார்கள். பிரபுக்கள் சபையில் ஹார்வி பிரபுவும் பிஷப்புகளும் எதிர்த்துச் சண்டை போட்டார்கள். மக்களின் குடியில் அரசு சம்பாதிப்பதா என்பது அவர்கள் கேள்வி. 1743-இல் கேட்ட கேள்வி. இன்றைக்கும் நம் சட்டசபைகளில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கேதான் ஒரு திருப்பம். வரி கட்டக்கூடியதாக ஆனதும் ஆயிரக்கணக்கானவர்கள் லைசென்ஸ் எடுத்தார்கள். யார் விற்கிறார், எவ்வளவு விற்கிறார் என்பது அரசின் பேரேட்டுக்கு வந்தது. பிடி கைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். 1751-இல் வரி ஏறியது. காய்ச்சுபவர் நேரடியாகச் சில்லறை விற்கத் தடை வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விதி. 20 ஷில்லிங்குக்குக் குறைவான சாராயக் கடனைக் கோர்ட்டில் போய் வசூலிக்க முடியாது. அதாவது கடனுக்குச் சரக்கு கொடுத்தால் அது போச்சு. கடைக்காரர் கடன் கொடுப்பதைத் தானாகவே நிறுத்திவிடுவார். போலீஸ் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம்.

அடுத்த பத்து வருடத்துக்குள் சாராயத்தின் அளவு கால்வாசி அளவுக்கு இறங்கியது. முழுப் பெருமையும் சட்டத்துக்கு இல்லை. விளைச்சல் பொய்த்துத் தானியம் விலை ஏறியது, 1757-இல் தானியத்தில் காய்ச்சுவதையே தற்காலிகமாகத் தடை செய்தார்கள். அதுவும் சேர்ந்த கணக்கு இது.

அடுத்து டென்மார்க். எனக்குப் பிடித்த அத்தியாயம். காரணம், அங்கே யாரும் குடியைக் குறைக்க நினைக்கவே இல்லை!

1917. முதல் உலகப்போர். டென்மார்க் நடுநிலை நாடுதான். ஆனால் ஒரு பக்கம் பிரிட்டனின் கடல் முற்றுகை, மறுபக்கம் ஜெர்மன் நீர்மூழ்கிகள். இறக்குமதித் தானியம் நின்றுவிட்டது. இருக்கும் தானியத்தையும் உருளைக்கிழங்கையும் மனிதன் தின்பதா, பன்றி தின்பதா, சாராயம் காய்ச்சுவதா?

அரசுக்கு ஆலோசனை சொன்னவர் மிக்கெல் ஹின்ட்ஹேட என்ற டாக்டர். மனிதன்தான் தின்ன வேண்டும் என்றார். பன்றிகளில் பெரும்பகுதியை வெட்டினார்கள். சாராயத்தின் மேல் ஏற்றிய வரியில், 90 காசுக்கு விற்ற ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் 11 குரோனர் ஆனது. 12 மடங்கு! பீர் விலை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியது.

இரண்டே வருடத்தில் தலைக்கு மது அருந்தும் அளவு நான்கில் மூன்று பங்கு குறைந்தது. டெலிரியம் ட்ரெமன்ஸ் கேஸ்கள் பதிமூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. நாள்பட்ட குடியால் வரும் மரணங்கள் ஆறில் ஒரு பங்காயின.

டெலிரியம் ட்ரெமன்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை உதறும், உடம்பு கொதிக்கும், இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பார், இல்லாத ஆளோடு பேசுவார். வீட்டில் 'காத்துக் கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். அதிகக் குடிகாரர்கள் இருக்கும் ஊரில்தான் இந்தக் கேஸ் வரும். அது பதிமூன்றில் ஒன்றாகக் குறைந்தது என்றால், குறைத்தது வெறுமனே வாரக் கடைசியில் ஒரு கிளாஸ் குடிப்பவர்கள் மட்டும் அல்ல. அடிமட்டக் குடிகாரர்களிடமும் விலை வேலை செய்திருக்கிறது.

சாராய தேசமாக இருந்த டென்மார்க் பீர் தேசமாக மாறியதும் அப்போதுதான்.

இந்த இடத்தில் ஒரு மருத்துவச் சந்தேகம் வரும். எனக்கு வந்தது. சிரோசிஸ் வர 15, 20 வருடம் ஆகுமே. விலை ஏறிய மறு வருடமே சாவு குறைவது எப்படி?

விடை பாரிஸில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்தபோது ஒயினுக்கு ரேஷன். வாரத்துக்கு ஒரு லிட்டர் என்ற அளவுக்கு வந்தது. சாப்பாட்டோடு தண்ணீர் மாதிரி ஒயின் குடித்த ஊர் அது. சில வருடங்களில் பாரிஸில் சிரோசிஸ் மரணம் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது. போர் முடிந்தது, ஒயின் வந்தது, மரணமும் திரும்பி வந்தது.

எப்போதும் ஒரு ஊரில் கல்லீரல் கிணற்று விளிம்பில் நிற்கும் ஆட்கள் ஏராளமாக இருப்பார்கள். அவர்களைத் தள்ளிவிடுவது இந்த வருடம் குடிக்கும் குடி. அது குறைந்தால் கல்லீரல் குணமாகிவிடாது, ஆனால் விளிம்பிலேயே நிற்கும். சிரோசிஸ் வந்த பிறகு நிறுத்தி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில். பயன் உண்டு. பல வருட ஆயுள் அளவுக்கு உண்டு.

இந்த பிரெஞ்சுக் கணக்கை வைத்து சல்லி லெடர்மன் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1956-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு சமூகத்தின் சராசரிக் குடி ஏறினால் மொடாக் குடிகாரர்கள் எண்ணிக்கையும் ஏறும், சராசரி இறங்கினால் அதுவும் இறங்கும். அவருடைய கணிதச் சூத்திரத்தைப் பின்னால் வந்தவர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஆனால் மையக் கருத்து நின்றது. அதுவரை குடி என்பது தனிமனித ஒழுக்கப் பிரச்சினை, மதகுருவின் டிபார்ட்மென்ட். அதன் பிறகுதான் வரி, விலை, கடை நேரம் எல்லாம் டாக்டர்கள் பேசும் விஷயமாக ஆயின.

எழுபதுகளின் இறுதியில் பிலிப் குக் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் இதை வேறு வழியில் சோதித்தார். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு மது வரியை ஏற்றும். 1960 முதல் 1975 வரை ஏற்றிய மாநிலங்களையும், அதே வருடம் ஏற்றாத மாநிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏற்றிய இடங்களில் சிரோசிஸ் மரணம் குறைந்திருந்தது. போரும் இல்லை, பஞ்சமும் இல்லை, வெறும் வரி.

அதே அமெரிக்காவில் ஒரு வேடிக்கை. மத்திய அரசின் பீர் வரி 1951-இல் பீப்பாய்க்கு 9 டாலர். 1991 வரை அதே 9 டாலர். 40 வருட விலைவாசியில் அந்த 9 டாலரின் மதிப்பு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று யோசியுங்கள். யாரும் அறிவிக்காமல், யாரும் போராடாமல் நடந்த வரிக்குறைப்பு! லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று வரி போடும் எந்த அரசும், விலைவாசியோடு சேர்த்து அதை ஏற்றாவிட்டால் வருடா வருடம் மதுவை மலிவாக்கிக்கொண்டிருக்கிறது என்றே அர்த்தம்.

இனி ரஷ்யா. இங்கே கொஞ்சம் மூச்சு பிடித்துக்கொள்ளுங்கள்.

1890-களில் ஜாரின் நிதியமைச்சர் விட்டே, வோட்கா விற்பனையை முழுக்க அரசின் கைக்குக் கொண்டுவந்தார். சொன்ன காரணம் மக்கள் நலன். நடந்தது வேறு. முதல் உலகப்போருக்கு முன்பு அரசு வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் வோட்காவிலிருந்து வந்தது. 'குடிகார பட்ஜெட்' என்று ரஷ்யர்களே பேர் வைத்தார்கள். 1914-இல் போருக்குப் படை திரட்டும்போது ஜார் வோட்காவைத் தடை செய்தார். கஜானாவில் விழுந்த ஓட்டையை நோட்டு அச்சடித்து அடைத்தார்கள். அப்புறம் அந்த ராஜ்ஜியம் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். புரட்சிக்காரர்களும் முதலில் தடையைத் தொடர்ந்தார்கள். 1925-இல் அரசு வோட்கா முழு வீரியத்தோடு திரும்பி வந்தது. அவர்களுக்கும் காசு வேண்டுமே.

1985-இல் கோர்பச்சேவ் வந்தார். உற்பத்தியை வெட்டினார், விலையை ஏற்றினார், கடை நேரத்தைக் குறைத்தார். திராட்சைத் தோட்டங்களைக் கூடப் பிடுங்கினார்கள். பொதுச் செயலாளர் என்ற பதவிப் பெயரை மாற்றி 'மினரல் செயலாளர்' என்று மக்கள் கேலி செய்தார்கள். மினரல் வாட்டர் மட்டும் கொடுப்பவர் என்று அர்த்தம்.

கேலி இருக்கட்டும். ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 62-லிருந்து 1987-க்குள் கிட்டத்தட்ட 65 ஆனது. இரண்டே வருடத்தில் இவ்வளவு ஆயுள் கூட்டுகிற தடுப்பூசி எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கடைகளில் சர்க்கரை காணாமல் போனது. எல்லாம் வீட்டுச் சாராயத்துக்குப் போய்விட்டது. எண்ணெய் விலையும் அதே சமயம் சரிந்ததில் அரசு கஜானா காலி. 1988-க்குள் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1992-இல் விலைக் கட்டுப்பாடு எல்லாம் போய், சம்பளத்தோடு ஒப்பிட்டால் வோட்கா படு மலிவானது. வேலை போனது, சேமிப்பு போனது, சரக்கு மட்டும் சல்லிசு. 1994-இல் ரஷ்ய ஆணின் சராசரி ஆயுள் 58-க்கும் கீழே இறங்கியது. போர் நடக்காத ஒரு தொழில்மய நாட்டில்!

2000-களில்தான் நிதானமாக மறுபடி ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாட்டிலும் எந்த ஆலையிலிருந்து எங்கே போகிறது என்று கண்காணிக்கும் முறை. வரி படிப்படியாக. 2010 முதல் அரை லிட்டர் வோட்கா 89 ரூபிளுக்குக் கீழே விற்கக்கூடாது என்ற அடிமட்ட விலை. 2003 முதல் 2016 வரை தலைக்கு மது அளவு 43 சதவீதம் குறைந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை. 2018-இல் ஆண்களின் சராசரி ஆயுள் 68-ஐ எட்டியது. பூனை பொம்மைக் கதையில் பார்த்த அதே வரிசைதான். முதலில் கணக்குக்குள் கொண்டுவா, பிறகு இறுக்கு.

"எல்லாம் சரி டாக்டர், குறைத்தால் என்ன ஆகும், அதையும் யாராவது செய்து பார்த்தார்களா?"

பார்த்தார்கள். பின்லாந்து. 2004 மே மாதம் பக்கத்து நாடான எஸ்டோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஹெல்சின்கியிலிருந்து கப்பல் ஏறினால் சில மணி நேரப் பயணம். சரக்கு அங்கே மலிவு. ஆட்கள் வண்டி வண்டியாக வாங்கி வருவார்கள், நம் வரி வருமானம் போய்விடுமே என்று பயந்து, பின்லாந்து அந்த மார்ச் மாதமே மது வரியைச் சராசரியாக 33 சதவீதம் குறைத்தது. பொருளாதாரக் கணக்குப்படி புத்திசாலித்தனமான முடிவு.

அந்த ஒரே வருடத்தில் நாட்டின் மொத்தக் குடி ஏறத்தாழ 10 சதவீதம் ஏறியது. மது தொடர்பான மரணங்கள் ஆண்களிடம் 16 சதவீதம், பெண்களிடம் 31 சதவீதம் கூடின. இறந்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? வசதி குறைந்தவர்கள், வேலை இல்லாதவர்கள். 2005-இல் வேலை செய்யும் வயதுள்ள பின்லாந்து ஆண்களின் முதல் மரணக் காரணமாக மது ஆகிவிட்டது. மாரடைப்பைத் தாண்டி! 2008-இல் இருந்து மறுபடி வரியை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

விலையை ஏற்றினால் ஏழைக்குச் சுமை என்று சொல்கிறோம். அது உண்மை. விலையை இறக்கினால் சாவதும் அதே ஏழைதான் என்பது பின்லாந்துப் பாடம்.

கடைசியாக ஸ்காட்லாந்து. என் வார்டில் அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இங்கேதான் நேரடிப் பதில் கிடைத்தது.

அங்கே மொடாக் குடிகாரர்களின் சரக்கு, மலிவு ஆப்பிள் சைடர். மூன்று லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், நாலைந்து பவுண்டு. 2012-இல் ஒரு சட்டம் போட்டார்கள். மதுவில் இருக்கும் ஆல்கஹாலின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பென்ஸுக்குக் கீழே விற்கக்கூடாது. அந்தச் சைடரில் 22 யூனிட்டுக்கு மேல் இருக்கும். கணக்குப் போட்டால் 11 பவுண்டு தாண்டும். விஸ்கிக் கம்பெனிகளின் சங்கம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை, பிறகு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. அரசு ஜெயித்து, 2018 மே 1-இல்தான் அமலுக்கு வந்தது. ஒரு குறை சொல்லிவிடுகிறேன். இது வரி அல்ல, விலைக் கட்டுப்பாடு. கூடுதல் பணம் அரசுக்கு வராது, கடைக்காரர் கல்லாவுக்குப் போகும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2023-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, முழுக்க மதுவால் வரும் மரணங்கள் அங்கே 13.4 சதவீதம் குறைந்திருந்தன. வருடத்துக்குச் சுமார் 150 உயிர். 2024 செப்டம்பரில் 50 பென்ஸை 65 ஆக உயர்த்தினார்கள்.

ஆனால் அதே திட்டத்தை மதிப்பிட்ட இன்னொரு ஆய்வு, ஏற்கனவே குடிக்கு முழு அடிமையாகிவிட்டவர்களிடம் நேரில் போய்க் கேட்டது. பெரும்பாலோர் குறைக்கவில்லை. சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தார்கள். கரண்ட், வாடகைப் பணத்தில் கை வைத்தார்கள்.

படித்தபோது என் வார்டு அக்காதான் கண் முன்னே வந்து நின்றார். கிளாஸ்கோவிலும் அவர் இருக்கிறார்!

இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. முழுக்க அடிமையானவரின் மூளையில் விலை என்ற கணக்கு கடைசியாகத்தான் ஓடும். விலை தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அவருக்கு முந்தைய படியில் நிற்பவரை. வாரம் மூன்று நாள் குடித்து, ஐந்து நாளுக்கு நகர்ந்துகொண்டிருப்பவரை. முதல் பாட்டிலுக்குக் காசு சேர்க்கும் பதினெட்டு வயசுப் பையனை. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், விலை 10 சதவீதம் ஏறினால் மொத்தக் குடி 4, 5 சதவீதம் இறங்குகிறது. அதிகமாகக் குடிப்பவர்களிடம் 3 சதவீதம் அளவுக்குத்தான்.

அப்படியென்றால் அந்தக் கொத்தனாருக்கும் அவர் வீட்டுக்கும் என்ன? அவருக்கு வேண்டியது சிகிச்சை. அந்தச் சிகிச்சைக்குப் பணம், அவரிடமிருந்தே எடுத்த வரியிலிருந்து வர வேண்டும். தாய்லாந்து 2001-இல் ஒரு சட்டம் போட்டது. மது, புகையிலை வரிக்கு மேல் 2 சதவீதம் கூடுதல் வசூல். அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரையாது. மக்கள் நலனுக்கென்றே இருக்கும் தனி அமைப்புக்கு நேராகப் போகும். குடி, புகை ஒழிப்பு வேலைகள் அதில் நடக்கின்றன. எளிமையான ஏற்பாடு.

நம்ம ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் என்னைத் திட்டுவீர்கள். 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் வருமானத்தில் கள், சாராய வரிக்குப் பெரும் பங்கு. அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் ஒரு புது வரி போட்டார்கள். பொது விற்பனை வரி. இந்தியாவிலேயே முதல் முறை. இன்று நீங்கள் ஓட்டல் பில்லில் பார்க்கும் ஜிஎஸ்டிக்கு அதுதான் பாட்டன். பின்னாளில் மது திரும்பி வந்தது, மது வரியும் வந்தது. ஆனால் விற்பனை வரி போகவில்லை! ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கும் மதுவை அதற்கு வெளியே வைத்தார்கள். மாநிலங்களின் கையில் மிச்சம் இருக்கும் சில பெரிய வரிகளில் அது ஒன்று. எந்தக் கட்சி வந்தாலும் அதை விட மனசு வராததற்கு இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

"விலை ஏறினால் கள்ளச்சாராயம் வருமே" என்று கமெண்டில் கேட்பீர்கள். வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தில் இறந்தார்கள். மெத்தனால் கண் நரம்பைத் தின்றுவிடும். பிழைத்தவர்களிலும் பலருக்குப் பார்வை போகும். ஆனால் பூனை பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு இல்லாமல் ஒரே பாய்ச்சலில் ஏற்றினால் 1736. கணக்குக்குள் வைத்துப் படிப்படியாக ஏற்றினால் 1751.

அந்தக் கொத்தனார் அடுத்த வருடம் ரத்த வாந்தியோடு வந்தார். காப்பாற்ற முடியவில்லை. சான்றிதழ் வாங்க அந்த அக்கா மகனோடு வந்திருந்தார். பையனுக்கு 17 வயசு. பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறானாம்.

உங்கள் வீட்டில் தினமும் அதிகமாகக் குடிப்பவர் யாராவது இருந்தால் ஒரு விஷயம். இந்த த்ரெட்டைப் படித்துவிட்டு "நாளையிலிருந்து தொடாதே" என்று திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். மேலே சொன்ன டெலிரியம் ட்ரெமன்ஸ் வரலாம், வலிப்பு வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. கூட்டிப்போகும் வரை தையமின் என்ற பி1 வைட்டமின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். விலை ரொம்பக் குறைவு.